அப்பாவின் சம்மதம் எழுதிய தாள் எங்கே?

1582 நவம்பர் 28ஆம் தேதி, இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் இருந்த ஆயர் அலுவலகத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த இரண்டு விவசாயிகள் ஒரு கல்யாணத்துக்காக 40 பவுண்டுக்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் ஃபுல்க் சாண்டெல்ஸ், மற்றவர் ஜான் ரிச்சர்ட்சன். அந்தக் கல்யாணத்தில் பின்னால் சட்டச் சிக்கல் ஏதாவது கிளம்பினால் பணத்துக்கு அவர்கள் பொறுப்பு. மணமகள் ஆன் ஹாத்வேக்கு 26 வயது. மணமகனுக்கு 18 வயது. அவர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

அந்தப் பத்திரம் இன்றும் வூஸ்டர்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெண்ணின் உற்றார் சம்மதம் இல்லாமல் மணமகன் கல்யாணத்தை நடத்தக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. உண்மையில் வயது நிரம்பாதவர் மணமகன்தான். அவருடைய தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் அப்போது உயிரோடு இருந்தார். ஆனால், அவருடைய சம்மதம் பற்றிப் பத்திரத்தில் பேச்சே இல்லை. இதற்கு முந்தைய நாள், அதே அலுவலகத்தின் பதிவேட்டில் வில்லியமுக்கு உரிமம் வழங்கியதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் மணப்பெண் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி. எழுத்தர் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஆறு மாதம் கழித்து, 1583 மே 26இல், தம்பதியின் மூத்த மகள் சூசன்னாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது.

உலகம் கொண்டாடும் நாடகாசிரியரின் கல்யாணத்துக்குச் சாட்சியாக மிஞ்சியவை இந்த இரண்டு பதிவுகள்தாம். உரிமமும் கிடைக்கவில்லை, தேவாலயத்துப் பதிவும் கிடைக்கவில்லை. இருந்தும், கல்யாணத்தின் அவசரம், வயது வித்தியாசம், பெண் வீட்டாரின் அக்கறை, எழுத்தரின் பிழை என்று எவ்வளவோ அவற்றிலிருந்து தெரியவருகிறது.

முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெயரும் தேதியும் கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். வயது நிரம்பாதவர்களின் கல்யாணத்துக்குச் சம்மதம் கொடுத்தது யார், ஏன் அவர் கொடுத்தார், அது எந்தத் தாளில் எழுதப்பட்டது என்று கேட்டால்தான் குடும்பத்தின் கதை திறக்கும். அப்படிப்பட்ட தாள்களை இங்கிலாந்து பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. அங்கிருந்து வந்த சட்டம் தமிழ்நாட்டிலும் அதே வகைத் தாள்களை உண்டாக்கியது. நாமோ அவற்றைக் கேட்பாரற்று விட்டுவைத்திருக்கிறோம். இந்த நிலை மாறியாக வேண்டும்.

சட்டம் உண்டாக்கிய தாள்கள்

பழைய திருச்சபைச் சட்டப்படி இங்கிலாந்தில் பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 வயதானால் கல்யாணம் செல்லும். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 1604ஆம் ஆண்டுத் திருச்சபை விதிகள் சொல்லின. ஆனால், சம்மதம் இல்லாமல் நடந்த கல்யாணத்தை அவை ரத்து செய்யவில்லை. லண்டனில் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் ரகசியக் கல்யாணம் செய்துவைப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. சொத்துள்ள குடும்பங்கள் பதறின. ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த கல்யாணச் சட்டம் 1753இல் நிறைவேறியது. 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன் பிறகு, யூதர்களையும் குவேக்கர்களையும் தவிர மற்றவர்களுக்கு இரண்டு வழிகள்தாம். ஒன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவிப்பது. நம் ஊர்த் தேவாலயங்களில் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் வழக்கம் இதுதான். இன்னொன்று, ஆயர் அலுவலகத்தில் உரிமம் வாங்குவது. உரிமம் வாங்கி மணக்கும் மைனருக்குச் சம்மதம் கட்டாயம். அது இல்லையென்றால் கல்யாணமே செல்லாது. ஓலை வாசித்து நடக்கும் கல்யாணத்தில் பெற்றோர் எழுந்து நின்று மறுத்தால் எல்லாம் நின்றுபோகும். மறுக்காவிட்டால் அதுவே சம்மதம்.

முன்னோரைத் தேடுகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். உரிமம் என்றால் எங்கோ ஒரு தாள் இருக்கும். ஓலை என்றால் பெற்றோரின் மௌனம் மட்டுமே இருக்கும். அந்த மௌனத்தைக்கூட அப்படியே நம்பிவிட முடியாது. பெற்றோர் காதுக்கு எட்டாத பெருநகரத்துக்குப் போய், யாருக்கும் தெரியாத தேவாலயத்தில் ஓலை வாசிக்கச் சொல்லி மணந்துகொண்ட இளம் ஜோடிகள் ஏராளம். மணப்பெண்ணின் கிராமத்துப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு, ‘பதிவே இல்லை’ என்று கைவிட்டவர்களும் உண்டு.

சம்மதம் யார் கொடுக்கலாம் என்பதற்குச் சட்டம் ஒரு வரிசையைச் சொன்னது. முதலில் தந்தை. அவர் இறந்திருந்தால், முறைப்படி நியமிக்கப்பட்ட காப்பாளர். அவரும் இல்லையென்றால் தாய். அந்தத் தாயும் மறுமணம் செய்யாதவராக இருக்க வேண்டும். மறுமணம் செய்திருந்தால், தான் பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லும் உரிமையை அவர் இழந்துவிடுவார். அப்போது சான்சரி நீதிமன்றம்தான் காப்பாளரை நியமிக்க வேண்டும். 21 வயதுக்கு உட்பட்டவரானாலும் விதவைக்கும் மனைவியை இழந்தவருக்கும் யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய தாளைப் பார்த்தால், அதில் எழுதாத செய்திகளும் புலப்படும். ‘தாயின் சம்மதத்துடன்’ என்று இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார், காப்பாளர் யாரும் இல்லை, தாய் மறுமணம் செய்யவில்லை என்று மூன்று உண்மைகள் ஒரே வரியில் கிடைக்கின்றன. அடுத்து தேட வேண்டியது தந்தையின் அடக்கப் பதிவையும் உயிலையும் என்பது உடனே விளங்கும். காப்பாளரின் பெயர் இருந்தால் அவரை நியமித்த உயில் எங்கோ இருக்கும். சான்சரி என்றால் நீதிமன்றக் கட்டுகளுக்குள் போக வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்த வரி அருமையானது. 1837 ஜூலை 1இல் அரசுப் பதிவு தொடங்கியபோது இங்கிலாந்தின் கல்யாணச் சான்றிதழில் இருந்த பத்திகள் இவை: தேதி, பெயர், வயது, மணமாகாதவரா அல்லது துணையை இழந்தவரா, தொழில், வசிப்பிடம், தந்தையின் பெயர், தந்தையின் தொழில். தாய்க்கு இடமே கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாயின் பெயர் கல்யாணப் பதிவில் ஏறியது 2021 மே 4 முதல்தான். அதுவரை அம்மாக்கள் கல்யாண ஆவணத்தில் தலைகாட்டிய ஒருசில இடங்களில் சம்மதத் தாளும் ஒன்று. ஒரு பெண்ணின் பெயரும் கையெழுத்தும் அந்த ஒரு தாளில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம் என்றால், அதைத் துணைக் காகிதம் என்று ஒதுக்கிவைப்பது எப்படி நியாயமாகும்?

எழுதியதெல்லாம் மெய்யா?

பதிவேட்டில் இருப்பதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் கல்யாணப் பத்திரம் ஓர் எடுத்துக்காட்டு. 1836 மே 16இல், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் அவர் தன் அத்தை மகள் வர்ஜீனியா கிளெமை மணந்தார். மணப்பெண்ணுக்கு 21 வயது நிரம்பிவிட்டது என்று ஒருவர் சத்தியம் செய்து கொடுத்தார். வர்ஜீனியா பிறந்தது 1822 ஆகஸ்ட்டில். அன்றைக்கு அவளுக்கு 14 வயதுகூட ஆகவில்லை. பெண்ணின் தாய் மரியா கிளெம் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர், கல்யாணத்துக்கும் உடன்பட்டவர். உண்மை வயதைச் சொல்லித் தாயின் சம்மதத்தை எழுதியிருந்தாலும் கல்யாணம் நடந்திருக்கும். அப்படியும் பத்திரத்தில் ஏறியது பொய்தான். ஞானஸ்நானப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கல்லறைக் கல் என்று வேறு சான்றுகளோடு ஒத்துப் பார்க்காமல் வயதை எழுதிக்கொள்ளக் கூடாது.

ஆங்கிலேயச் சான்றிதழ்களில் ‘முழு வயது’ என்று எழுதியிருக்கும் இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். 21 அல்லது அதற்கு மேல் என்பதுதான் அதன் பொருள். 22 ஆகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம், 19 வயதுப் பிள்ளை தைரியமாகச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம்.

கவிஞர் ஷெல்லியின் குடும்பத்தைத் தேடுகிறவருக்கு வேறு வகைக் குழப்பம். 19 வயது ஷெல்லியும் 16 வயது ஹாரியட் வெஸ்ட்புரூக்கும் 1811 ஆகஸ்ட்டில் ஸ்காட்லாந்துக்கு ஓடிப்போய் எடின்பரோவில் மணந்துகொண்டார்கள். ஹார்ட்விக் சட்டம் ஸ்காட்லாந்தை எட்டவில்லை. அங்கே பெற்றோர் சம்மதம் தேவையில்லை. எல்லையோரத்துக் கிரெட்னா கிரீன் கிராமம் ஓடிப்போகும் ஜோடிகளுக்குப் பேர்போனதும் இதனால்தான். 1856ஆம் ஆண்டுச் சட்டம் 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்த பிறகே அந்த ஓட்டம் குறைந்தது. ஸ்காட்லாந்துக் கல்யாணத்தைப் பற்றி எந்தச் சந்தேகமும் எழக் கூடாது என்று ஷெல்லியும் ஹாரியட்டும் 1814 மார்ச்சில், லண்டன் ஹானோவர் சதுக்கத்துப் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் மறுபடி மணந்துகொண்டார்கள். அதற்குள் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். ஆனாலும் 18 வயது ஹாரியட் சட்டத்தின் கண்ணில் மைனர்தான். அதனால் தந்தையின் சம்மதத்தோடு அந்த இரண்டாவது கல்யாணம் நடந்தது. ஒரே ஜோடிக்கு இரண்டு நாடுகளில் இரண்டு பதிவுகள். சட்டம் தெரியாதவர் இதை இரண்டு வெவ்வேறு குடும்பங்களாகவே எழுதிவைப்பார்.

கோட்டைத் தேவாலயத்திலிருந்து திருநெல்வேலி வரை

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28இல் அர்ச்சிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4இல், அங்கே நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேலுக்கும் கேதரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும். அதே தேவாலயத்துப் பதிவேட்டில் 1753 பிப்ரவரி 18ஆம் தேதி ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் நடந்த கல்யாணம் இருக்கிறது. நடத்திவைத்தவர் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ். தமிழில் பைபிளை மொழிபெயர்த்தவரும் அகராதி தொகுத்தவரும் இவரேதான்.

மார்கரெட்டுக்கு அன்றைக்கு வயது 17. தாயும் தந்தையும் முன்பே இறந்துவிட்டார்கள். மதராஸ் படையில் இருந்த அண்ணன் எட்மண்ட் அழைத்துத்தான் அவர் கப்பலேறி வந்தார். கல்யாணம் நடந்து சில மாதங்களில் ஹார்ட்விக் சட்டம் லண்டனில் நிறைவேறியது. அது கடல் கடந்த நாடுகளுக்குப் பொருந்தாது. ஆக, இங்கிலாந்தில் இருந்திருந்தால் அடுத்த ஆண்டிலிருந்து காப்பாளரையோ சான்சரி நீதிமன்றத்தையோ தேடியிருக்க வேண்டிய ஒரு பெண், மதராஸில் எந்தச் சம்மதத் தாளும் இல்லாமல் கல்யாணம் முடித்துக்கொண்டார். சட்டம் இல்லாத இடத்தில் தாளும் இல்லை.

மதராஸ் தேவாலயங்களின் பதிவுகளுக்கு 1698 முதல் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெருமளவுக்கு இணையத்திலும் ஏறிவிட்டன. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் தடத்தைத் தமிழ்நாட்டில்தான் தேட வேண்டும்.

அதற்குத் திறவுகோல் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். 21 வயது நிரம்பாதவர் மைனர் என்றும், விதவையும் மனைவியை இழந்தவரும் அதில் சேர மாட்டார்கள் என்றும் அது சொன்னது. 19ஆம் பிரிவு சம்மதத்துக்கு வரிசை வகுத்தது: தந்தை, அவர் இறந்திருந்தால் காப்பாளர், காப்பாளரும் இல்லையென்றால் தாய். லண்டனில் 1753இல் எழுதிய வரிசையின் வாரிசு இது என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரியும்.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று அந்தச் சட்டத்தில் 60ஆம் பிரிவு தனியாக இருந்தது. மணமகனுக்கு 16க்கு மேல், மணமகளுக்கு 13க்கு மேல் வயது ஆகியிருந்தால் போதும். இருவரில் யாருக்காவது 18 நிரம்பாவிட்டால் 19ஆம் பிரிவில் சொன்ன சம்மதம் வேண்டும். இந்த வயது வரம்பு 21, 18 என்று உயர்ந்தது 1978இல்தான். பதிவேட்டை ஆங்கிலத்திலோ அந்த மாவட்டத்தின் வழக்கு மொழியிலோ எழுதலாம் என்று 62ஆம் பிரிவு அனுமதித்தது. குறிப்பிட்ட இடைவெளியில் அதன் நகலைப் பிறப்பு, இறப்பு, திருமணத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் சேர்க்கவும் சொன்னது. தமிழில் எழுதிய கல்யாணப் பதிவுகள், இரண்டு படிகளாக, சட்டத்தின் கட்டளைப்படியே உண்டானவை என்பதுதான் இதன் பொருள்.

சம்மதம் கிடைக்காத கல்யாணங்களின் தடமும் இந்தச் சட்டத்தில் உண்டு. திருமணப் பதிவாளரிடம் கொடுத்த அறிவிப்புக்கு எதிரே, சம்மதம் தர வேண்டியவர் ‘தடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கல்யாணத்தை நிறுத்தலாம். நியாயமில்லாமல் சம்மதம் மறுக்கப்பட்டால் ஜோடி நீதிமன்றத்துக்குப் போகலாம். மதராஸ் பட்டணம் என்றால் உயர் நீதிமன்றம், மற்ற ஊர்கள் என்றால் மாவட்ட நீதிபதி. ஒரு மகளின் கல்யாணத்துக்கு ஒரு தந்தை ஏன் மறுத்தார் என்பது நீதிமன்ற மனுவில் விலாவாரியாக இருக்கும். ஊர், தொழில், சொத்து, சபை என்று அதில் வராத செய்தி இருக்காது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்கள் வேறு கணக்கில் தேட வேண்டும். 1956 நவம்பர் 1க்கு முன் அந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது அங்கே செல்லவில்லை. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகள் இருக்கின்றன. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம் மகனுக்கு 25 வயது வரைக்கும் மகளுக்கு 21 வயது வரைக்கும் தாய், தந்தை இருவரின் சம்மதத்தையும் கேட்டது. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் தந்தையின் வார்த்தை போதும் என்றது. ஆனாலும் தாயின் பெயர் அந்தப் பதிவுகளில் இருந்தது. இந்தப் பதிவேடுகளில் பலவற்றைப் பிரான்ஸின் ஏக்ஸ் நகரத்தில் உள்ள காப்பகம் இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு டச்சுக்காரர் காலத்துப் பள்ளித் தோம்புகள் இருக்கின்றன. அவற்றில் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதிவைத்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள்.

எழுதப்படாத சம்மதம்

இந்துக் குடும்பங்களுக்கு இந்த வசதி இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மணமகளுக்கு 15 வயது போதும் என்றது. 18க்குள் இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்று 6ஆம் பிரிவில் தந்தை, தாய், தந்தைவழித் தாத்தா, பாட்டி என்று நீண்ட வரிசையையும் வைத்தது. 1978இல் மணமகளின் வயது 18 ஆனதும் அந்தப் பிரிவு நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் சம்மதம் எங்கேயாவது எழுதப்பட்டதா என்றால், பெரும்பாலும் இல்லை. தாம்பூலம் மாற்றியதுதான் சம்மதம். ஊர்ப் பெரியவர்கள்தாம் சாட்சி. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

எனவே இந்தக் குடும்பங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். மொய் நோட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மணமக்கள் பெயர், தமிழ் ஆண்டு, மாதம், தேதி. அதன் கீழே ஊர் வாரியாகப் பெயர்கள், எழுதிய ரூபாய். தாய்மாமன் முறை செய்தவர் யார், தந்தை இல்லாத பெண்ணுக்கு முன்னின்று செய்தவர் யார் என்பது அந்த வரிசையிலிருந்தே தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவர் பெயராக அச்சானது யாருடையது என்று பார்த்தாலும் இதே செய்தி கிடைக்கும். தந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பா பெயரோ தாய்மாமன் பெயரோ இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியையும் பத்திரிகையில் உள்ள கல்யாணத் தேதியையும் பக்கத்தில் வைத்தால், பாட்டியின் கல்யாண வயது வெளிச்சத்துக்கு வரும்.

அந்த வயது பல வீடுகளில் சங்கடமாக இருக்கும். 12, 13 என்று வரும்போது குடும்ப வரலாறு எழுதுகிறவர் அதை மெல்ல உயர்த்திவிடுகிறார், அல்லது எழுதாமல் தாண்டிவிடுகிறார். இது தவறு. 1929இல் சாரதா சட்டம் வருவதற்கு முன் பெண்ணின் கல்யாணத்துக்கு வயது வரம்பே இந்துக்களுக்கு இல்லை. அந்தச் சட்டம்கூட 14 என்றுதான் வரம்பு வைத்தது. மீறியவர்களைத் தண்டித்தது, கல்யாணத்தைச் செல்லாததாக்கவில்லை. அந்தச் சட்டத்துக்காக மதராஸில் முத்துலட்சுமி ரெட்டி போராடியது எந்தச் சூழ்நிலையில் என்பது, நம் வீட்டுப் பாட்டியின் வயதை மறைக்காமல் எழுதினால்தான் அடுத்த தலைமுறைக்குப் புரியும்.

பெற்றோரின் சம்மதம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பம்பாயில் 11 வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்த பிறகு கணவனோடு வாழ மறுத்தார். 1884இல் கணவன் வழக்குப் போட்டார். கணவன் வீட்டுக்குப் போக வேண்டும், மறுத்தால் ஆறு மாதம் சிறை என்று 1887இல் உத்தரவானது. சிறைக்குப் போகத் தயார் என்று அவர் உறுதியாக நின்றார். 1888இல் சமரசம் ஏற்பட்டது. பிறகு லண்டனில் மருத்துவம் படித்து மருத்துவரானார். அவருடைய கல்யாணத்தில் பெரியவர்கள் சம்மதத்துக்குக் குறைவில்லை. அவருடைய சம்மதம்தான் இல்லை. பழைய பதிவுகளில் ‘தந்தையின் சம்மதத்துடன்’ என்ற வரியைப் பார்க்கும்போது, மகளிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் இந்தக் கேள்விக்கு முடிவான விடை சொன்னது 2023 பிப்ரவரி 27இல். அன்றிலிருந்து அங்கே 18 வயதுக்கு முன் கல்யாணமே கிடையாது. பெற்றோர் சம்மதித்தாலும் கிடையாது. இலங்கையில் பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் 1995இல் வயது வரம்பு 18 ஆனது.

செய்ய வேண்டியவை

ஸ்காட்லாந்தில் 75 ஆண்டு கடந்த கல்யாணப் பதிவின் படத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அயர்லாந்து இதே 75 ஆண்டு வரம்பில் கட்டணமே வாங்காமல் திறந்து வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் 1998இல் தொடங்கிய ஃப்ரீபிஎம்டி திட்டம், அரசின் பிறப்பு, கல்யாண, இறப்பு அட்டவணைகளைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கிவருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவைத்த நூலகம் நிறுவனத்தைப் பார்த்தால், தமிழர்களாலும் இந்த வேலை முடியும் என்பது விளங்கும்.

தமிழ்நாட்டில் பதிவேடுகள் ஆபத்தில் இருக்கின்றன. பழைய இரும்புச் சத்து மை காகிதத்தைத் தானே அரித்துத் தின்னும். கரையானும் ஈரமும் மீதியை முடித்துவிடும். தேவாலயத்துப் பீரோவில் ஒற்றைப் படியாக இருக்கும் ஏடு போனால், அதோடு பல நூறு குடும்பங்களின் தடமும் போய்விடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பதிவேட்டை வைத்திருக்கும் போதகரும் பதிவாளரும் தலைமைப் பதிவாளரும் உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, நியாயமான நேரத்தில் தேட அனுமதிக்க வேண்டும், நகலும் தர வேண்டும் என்று சொல்கிறது. இந்த உரிமை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பங்கு அலுவலகத்திலும் சபை அலுவலகத்திலும் இதை எழுதி ஒட்ட வேண்டும்.

பதிவுத் துறை முதலில் வெளியிட வேண்டியது ஒரு பட்டியல். எந்த மாவட்டத்தின், எந்தச் சபையின், எந்த ஆண்டுக் கல்யாணப் பதிவு நகல்கள் தன்னிடம் இருக்கின்றன என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். மறைமாவட்டங்களும் திருமண்டலங்களும் தங்களிடம் உள்ள மூல ஏடுகளைப் படமெடுத்து, ஒரு படியை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். கல்யாண ஏட்டை மட்டும் படமெடுத்துவிட்டு, அதனோடு கட்டியிருக்கும் சம்மதக் கடிதங்களையும் அறிவிப்புத் தாள்களையும் விட்டுவிடக் கூடாது. அட்டவணை தயாரிக்கும்போது மணமக்கள் பெயரோடு, சம்மதம் கொடுத்தவரின் பெயரையும் உறவையும் ஒரு தனிப் பத்தியாகச் சேர்க்க வேண்டும். தாய்மார்களின் பெயரைக் கண்டுபிடிக்க அது ஒன்றே வழியாக இருக்கும் குடும்பங்கள் உண்டு.

உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்கு ஸ்காட்லாந்தின் 75 ஆண்டு வரம்பை நாமும் வைத்துக்கொள்ளலாம். 1872 முதல் 1950 வரைக்குமான ஏடுகளை இன்றைக்கே திறந்துவிட அந்த வரம்பு தடையாக இருக்காது. பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். வரலாற்றுத் துறை மாணவர்களை அவர்களோடு சேர்த்துவிட்டால், திருநெல்வேலி, தஞ்சாவூர், மதுரை ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்து இந்த வேலையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.